கையால் வரையும் அனிமேஷனில் பாட்டு முதலா, படம் முதலா?
கொழும்புக் காலிமுகத்திடலில் பட்டம் விடும் சிறுமியைப் பற்றி 3 நிமிடச் சிறுவர் படம் வரையப் போகிறீர்கள், பாட்டை எப்போது பதிவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

வரையத் தொடங்க முன்னமே பதிந்துவிடுங்கள். குரலும் ஒரு ஹார்மோனியமும் இப்போதைக்குப் போதும். தாளத்தின் வேகம் மட்டும் பிறகு மாறக்கூடாது.

அந்த வேகத்தைப் பிரேம் (திரையில் அடுத்தடுத்து ஓடும் தனிச் சட்டங்கள்) கணக்கோடு பொருத்துங்கள். செக்கனுக்கு 24 பிரேமில், நிமிடத்துக்கு 120 தாள அடி என்றால் அடிக்கு 12 பிரேம். வரைந்த ஒரு படத்தை 2 பிரேமுக்கு வைத்தால் அடிக்கு 6 படங்கள். 100 அடி என்றால் 14.4 பிரேம் வரும். அதை 14 ஆக்கி வரைந்தால் 30 அடிக்குள் படம் பாட்டை அரைச் செக்கன் முந்திவிடும். உதாரணமாக, காகம் ஒன்று துள்ளினால், அதன் கால் தரையில் படும் படத்தை, தாள ஒலிக்கு 1 அல்லது 2 பிரேம் முன்னால் வையுங்கள். கண்ணுக்கு அதுதான் பொருந்தித் தெரியும்.

பட்டத்தின் நூல் அறும் இடத்தில் இசையை நிறுத்துங்கள். ஒரு செக்கன் காற்றொலியும் அசையாத முகமும் போதும். அங்கே சோக வயலின் போட்டால், பிள்ளை தானாக உணர வேண்டியதை நாமே பறித்துவிடுகிறோம்.

இலங்கையில் டிவிக்குச் செக்கனுக்கு 25 பிரேம். 24இல் செய்ததை வேகப்படுத்தினால் சுருதி ஏறிவிடும். டிவிதான் நோக்கமென்றால் 25லேயே தொடங்குங்கள். அதில் 100 அடி சரியாக 15 பிரேம்.