ஆவாரஞ்செடி: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: ஆவாரை விதை போட்டுப் பல வாரம் ஆகிறது அண்ணா, ஒன்றுகூட முளைக்கவில்லை.

பதில்: தோல் கெட்டியான விதை, தண்ணீர் உள்ளே இறங்காது. உப்புத்தாளில் லேசாகத் தேயுங்கள். இல்லையென்றால் கொதித்து இறக்கிய நீரில் போட்டு, அது ஆறிய பிறகும் ஓர் இரவு ஊறவிட்டு விதையுங்கள்.

கேள்வி: தேனீப் பெட்டி வைத்திருக்கிறேன். சுற்றிலும் ஆவாரை நட்டால் தேன் கூடுமா?

பதில்: கூடாது. ஆவாரம்பூவில் தேனே இல்லை. வருகிற பூச்சிக்குக் கிடைப்பது மகரந்தம் மட்டும்தான். அதையும் சும்மா தராது. மற்ற பூக்களைப் போல மகரந்தப்பை நீளவாக்கில் பிளக்காமல், நுனியில் சின்னத் துளையோடு நிற்கும். கருகருவென்று பெரிதாக ஒரு வண்டு வருமே, காய்ந்த மரத்தில் துளை போட்டுக் குடியிருப்பது, அது பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிறகை விரிக்காமலே உடம்பை அதிரவைக்கும். அந்த அதிர்வில் துளை வழியாக மகரந்தம் பீய்ச்சி அடிக்கும். காலையில் செடியருகே நின்றால் 'ர்ர்ர்' என்ற சத்தமே கேட்கும். உங்கள் பெட்டித் தேனீக்கு இந்த வித்தை வராது, சிந்தியதைப் பொறுக்கிக்கொண்டு போகும். தேனுக்கு முருங்கை வையுங்கள்.

கேள்வி: பயறு வகைக் குடும்பம்தானே, வேரில் தழைச்சத்து சேர்க்குமா?

பதில்: சேர்க்காது, இதற்கு வேர்முடிச்சு கிடையாது. ஆனால் தழையை வெட்டி நெல்வயலில் மிதிப்பது பழைய வழக்கம்.

கேள்வி: அந்தக் காலத்தில் பட்டையை உரித்து வண்டி வண்டியாக எடுத்துப் போனார்கள் என்கிறார் தாத்தா. எதற்கு?

பதில்: தோல் பதனிட. பட்டையில் துவர்ப்பு அதிகம், ஆட்டுத்தோலுக்கு அருமையான நிறம் கொடுக்கும். பிறகு வாட்டில் மரப்பட்டையும் குரோம் உப்பும் வந்து இதை ஓரங்கட்டிவிட்டன. செடி பிழைத்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: முதுமலைப் பக்கம் மரம் முழுக்க மஞ்சள் பூ பார்த்தேன். அதுவும் ஆவாரையா?

பதில்: இல்லை. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து காட்டை அடைத்துக்கொண்ட மஞ்சள் கொன்றை. வனத்துறை அதை வெட்டி அகற்றி வருகிறது. ஆவாரை புதர்தான். இலைக்காம்பின் அடியில் காது மாதிரி அகலமான செதில் இருக்கிறதா என்று பாருங்கள். காய் தட்டையாக, காகிதம் போல மெலிதாக இருக்கும்.

கேள்வி: சர்க்கரைக்கு ஆவாரம்பூ டீ குடிக்கிறேன். மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்ற சொலவடையை நம்பி மாத்திரையை விடாதீர்கள். டீ குடிப்பதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்து சர்க்கரை ரொம்ப இறங்கினால் தலைசுற்றும்.

கேள்வி: பொங்கல் காப்புக் கட்டுக்காகத் தொட்டியில் வளர்க்கலாமா?

பதில்: ஆழமான தொட்டி, நல்ல வெயில், குறைந்த தண்ணீர். உரம் போட்டுச் செல்லம் கொடுத்தால் இலைதான் மண்டும். கூடவே வேண்டிய சிறுபீளையை வேலி ஓரத்தில் தேடிக்கொள்ளுங்கள்.