ஸ்ட்ரைக்கர் வந்தால் சரியாகுமா?

கேள்வி: எங்கள் கால்பந்து அணி இந்த சீசனில் 12 ஆட்டங்களில் 9-ல் தோற்றது. அடுத்த போட்டிகள் தை பிறந்துதான். வெளியூரிலிருந்து நல்ல ஸ்ட்ரைக்கர் (கோல் அடிக்கும் முன்கள ஆட்டக்காரர்) ஒருவரை அழைத்து வந்தால் போதுமா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில், வாங்கிய கோல் ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதுங்கள்: கார்னரிலா, பக்கவாட்டு கிராஸிலா, நடுக்களத்தில் பந்தைப் பறிகொடுத்தா? தோற்கும் அணிகளில் ஓட்டை பெரும்பாலும் பின்னால்தான் இருக்கும். எனவே கோல்கீப்பர், உயரமான சென்டர் பேக் (கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுப்பவர்), அவருக்கு முன்னால் நிற்கும் மிட்ஃபீல்டர் என்ற வரிசையில் ஆள் தேடுங்கள். ஸ்ட்ரைக்கர் நான்காவதுதான். இடதுகால் ஆட்டக்காரர் கிடைத்தால் விடவே விடாதீர்கள். வலதுகாலர் லெஃப்ட் பேக்கில் (இடப்பக்கத் தடுப்பில்) நின்றால் பந்தை உள்ளே திருப்பித்தான் அடிப்பார். எதிராளி அங்கேயே காத்திருப்பார்.

மொத்தம் 20 பேர் போதும். கோல்கீப்பர் இருவர், 19 வயதுக்குட்பட்டவர் நால்வராவது வேண்டும். ஒருநாள் டிரையல்ஸை நம்பாதீர்கள். மூன்று ஞாயிறு ஆடவிட்டு, பந்தை இழந்த அடுத்த ஐந்து நொடியில் என்ன செய்கிறார் என்று பாருங்கள். வேறு அணியில் பதிவானவர் என்றால் அந்த அணியின் தடையில்லாச் சான்று முக்கியம்.

ஐப்பசி, கார்த்திகையில் நம் களிமண் திடலில் ஆட வேண்டாம். கால் சேற்றில் புதைந்து நிற்க, உடல் மட்டும் திரும்பினால் முட்டி ஜவ்வு போய்விடும். கூரைக்குக் கீழே தொடைப் பின்தசையை வலுவாக்குங்கள்: முட்டி போட்டு, கணுக்காலை ஒருவர் அழுத்திப் பிடிக்க, இடுப்பு மடங்காமல் மெதுவாக முன்னால் சாய வேண்டும். முதல் வாரம் 5 முறை வீதம் 2 சுற்று. எடுத்தவுடனே கூட்டினால் இரண்டு நாள் நடக்கவே வலிக்கும், பையன்கள் வராமல் நின்றுவிடுவார்கள்.