பாடப்புத்தகப் பிரெஞ்சு தெரியும், பேசினால் புரியவில்லை: என்ன செய்யலாம்?

பிரான்சின் லியோன் நகரில் குடியேறியிருக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "சென்னையில் ஏ2 என்னும் அடிப்படை நிலை வரை பிரெஞ்சு படித்துத் தேறினேன். வங்கிக் கடிதம், அறிவிப்புப் பலகை எல்லாம் வாசித்தால் புரிகிறது. ஆனால் ரொட்டிக் கடையிலும் மகனின் பள்ளி வாசலிலும் யாராவது பேசினால் திகைத்துப் போகிறேன். இன்னும் இலக்கணம் படிக்க வேண்டுமா?"

வேண்டாம். அன்றாடப் பேச்சுக்கு உங்களிடம் இருக்கும் இலக்கணமே போதும். நீங்கள் படித்தது எழுத்து வழக்கு, காதில் விழுவது பேச்சு வழக்கு. 'இருக்கிறது' என்று மட்டும் படித்துவிட்டு மதுரைக்கு வருகிறவர் 'இருக்கு' என்று கேட்டு விழிப்பது மாதிரிதான். நல்ல வேளையாக, பிரெஞ்சு சுருங்குவதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது.

முதலில் மறுப்பைப் பிடியுங்கள். 'எனக்குத் தெரியாது' என்பதற்குப் புத்தகத்தில் 'ஜெ ந சே பா'. பேச்சில் அந்த 'ந' விழுந்துவிடும், மிச்சமும் ஒட்டிக்கொண்டு 'ஷே பா' ஆகிவிடும். 'இல்லை' என்று பொருள்படும் 'இல் நியா பா' வெறும் 'யா பா' ஆகும். இல்லை என்ற பொருளைக் கடைசியில் வரும் 'பா' மட்டுமே தாங்குகிறது, அதனால் காதை அங்கே வையுங்கள். இதில் ஒரு சிக்கலும் உண்டு. 'யா ப்ளு த பேன்' என்று கடைக்காரர் சொன்னால் ரொட்டி தீர்ந்துவிட்டது. அதுவே 'ப்ளுஸ்' என்று ஸகரம் ஒலித்தால் கூடுதலாக இருக்கிறது என்று பொருள். 'ந' விழுந்துவிட்ட பேச்சில் இரண்டையும் பிரித்துக் காட்டுவது அந்த ஓர் ஒலிதான்.

அடுத்தது 'நாங்கள்'. 'நாங்கள் போகிறோம்' என்பதற்குப் புத்தகத்தில் வரும் 'நூஸலோன்' பேச்சில் பெரும்பாலும் 'ஒன் வா' ஆகிவிடும். இது உங்களுக்கு லாபம், ஏனென்றால் 'அவன்', 'அவள்' என்பதற்குப் பயன்படுத்தும் வினை வடிவமே இதற்கும் போதும். கேள்வியில் வினையைத் திருப்பிப் போடுவதும் தேவையில்லை. 'நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள்?' என்பதற்கு 'வூஸபித்தே ஊ?' என்று 'எங்கே'யைக் கடைசியில் வைத்துக் கேட்டால் போதும். (தேர்வுத் தாளிலும் அலுவலகக் கடிதத்திலும் மட்டும் பழைய வடிவத்தையே எழுதுங்கள்.)

சரி, இனி நீங்கள் பேச வேண்டிய பக்கம். கடைக்குள் நுழைந்ததும் முதல் சொல் 'போன்ஜூர்'. அதைச் சொல்லாமல் நேராக விலை கேட்டால், எவ்வளவு நல்ல பிரெஞ்சில் கேட்டாலும் மரியாதைக் குறைவுதான். ரொட்டியை எடுத்து வைத்ததும் 'ஏ அவெக் ஸெஸி?' என்பார்கள், வேறு ஏதாவது வேண்டுமா என்று. 'ஸே தூ, மெர்ஸி' (அவ்வளவுதான், நன்றி) என்றால் முடிந்தது. கிளம்பும்போது அவர்கள் 'போன் ஜூர்னே' என்றால் நீங்கள் 'வூஸோஸி' என்று திருப்பி வாழ்த்த வேண்டும். இந்த உரையாடல் தினமும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் நடக்கும். அதனால்தான் ரொட்டிக் கடையைவிட நல்ல வகுப்பறை இல்லை என்று என் மாணவர்களிடம் சொல்வேன்.

பள்ளி வாசலில் பேச்சு நீளும். அங்கே நீளமான வாக்கியங்களைவிடக் குறுகிய பதில்கள்தான் பேச்சை ஓட வைக்கும். 'ஆ போன்?' என்றால் 'அப்படியா?'. 'ஸே வ்ரே' என்றால் 'உண்மைதான்'. திங்கட்கிழமை வார இறுதி எப்படிப் போனது என்று கேட்பார்கள். ஒரு வரி சொல்லிவிட்டு 'ஏ வூ?' (உங்களுக்கு?) என்று பந்தை அவர்களிடம் தள்ளிவிடுங்கள்.

'த்யு', 'வூ' இரண்டையும் நம் 'நீ', 'நீங்கள்' என்று அப்படியே வைத்துக்கொள்ளாதீர்கள். வயதைவிட நெருக்கம்தான் அங்கே பெரும்பாலும் முடிவு செய்கிறது. பாட்டியைப் பேரன் 'த்யு' என்பான், தன்னைவிட இளைய கடைக்காரரைப் பெரியவர் 'வூ' என்பார். மற்ற பெற்றோரிடம் 'வூ' என்றே தொடங்குங்கள். 'ஒன் ஸ த்யுத்வா?' ('த்யு' என்றே பேசிக்கொள்வோமா?) என்று அவர்கள் கேட்டால் மாறிக்கொள்ளலாம்.

எண்களுக்குத் தனிப் பயிற்சி தேவை. தொலைபேசி எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்வார்கள். 92 என்பது நான்கு இருபதுகளும் பன்னிரண்டும் சேர்ந்தது, ஆகவே 'காத்ர' என்று கேட்டவுடன் 4 என்று எழுதிவிடாமல் ஒரு கணம் பொறுங்கள்.

காதுக்கு ஆர்.எஃப்.ஐ வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தி நல்லது. ஆனாலும் அது தெளிவாக வாசிக்கப்படும் செய்தி, அரட்டை அதில் கிடைக்காது. உங்கள் லியோனின் க்ருவா-ரூஸ் பகுதிச் சந்தை திங்கள் தவிர மற்ற நாட்களில் காலையில் கூடும். வரிசையில் நின்று முன்னால் இருப்பவர்கள் பேசுவதைக் கேளுங்கள், அப்புறம் அதே சொற்களில் நீங்களும் தக்காளி கேளுங்கள்.

புரியாதபோது ஆங்கிலத்துக்குத் தாவாதீர்கள். எல்லாவற்றையும் மறுபடி சொல்லச் சொல்வதும் வேண்டாம். புரிந்ததைச் சொல்லி, விட்டதை மட்டும் கேளுங்கள்: 'மார்தி, ஆ கெல் எர்?' (செவ்வாய், எத்தனை மணிக்கு?) செவ்வாய் என்பது உங்களுக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்ததும் அவர்கள் நேரத்தை மட்டும் நிறுத்திச் சொல்வார்கள்.