உறைந்த கட்டி எத்தனை மணி தாங்கும்?

சுங்கை சிப்புட் பக்கத்திலிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பூனைச் சாப்பாடு பற்றியவை. மாடு, ஆட்டுக்காரர்கள் அடுத்த முறை வரை பொறுத்துக்கொள்ளவும்.

ராத்திரி பத்து மணிக்கு ஃபேக்டரி பஸ் ஏறினால் காலை எட்டு மணிக்குத்தான் வீடு. வைத்த நேரத்துக்கு ஒவ்வொரு குழியாக மூடி திறந்து பூனைக்குச் சாப்பாடு காட்டும் ஆட்டோ ஃபீடர், ஐந்து குழி உள்ளது, வாங்கியிருக்கிறேன். டின் உணவைக் கட்டியாக உறைய வைத்து, 12 மணிக்கும் 5 மணிக்கும் திறக்கிற மாதிரி வைக்கலாமா?

12 மணிக்குச் சரி, தம்பி. 5 மணிக்கு வேண்டாம்.

குளிரில் கிருமி சாவதில்லை, தூங்குகிறது, அவ்வளவுதான். கட்டி இளகி 4 டிகிரியைத் தாண்டினால் எழுந்து பெருக ஆரம்பித்துவிடும். ஈர உணவு வெளியில் இருக்கலாம் என்று சொல்லும் கணக்கு இரண்டு மணி நேரம். 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம்தான். பகலெல்லாம் காய்ந்த தகரக் கூரை ராத்திரியிலும் சூட்டை விடாது என்பது லயத்து வீட்டில் படுத்தவர்களுக்குத் தெரியும்.

பலரும் மறப்பது ஒன்று உண்டு. மூடி திறக்கும் நேரம் கணக்கில்லை, பூனை தின்று முடிக்கும் நேரம்தான் கணக்கு. நாய் மாதிரி ஒரே மூச்சில் விழுங்காது. நக்கிவிட்டுப் போய், ஒரு மணி நேரம் கழித்து வந்து மறுபடி மோந்து பார்க்கும்.

உங்கள் ஃபீடரில் ஐஸ் பேக் வைக்கும் இடம் இருந்தால், பகல் முழுக்க உறைந்த பேக்கை வையுங்கள். உணவையும் தட்டையாகப் பரப்பாமல் கனத்த உருண்டையாக உறைய வையுங்கள், மெதுவாக இளகும். லீவு நாளில் ஒரு தடவை சோதித்தும் பாருங்கள்: கட்டிக்குள் சமையல் தெர்மாமீட்டரைக் குத்தி, அது 4 டிகிரியைத் தாண்டுவது எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து இரண்டு மணி நேரம்தான் கெடு. என் வீடாக இருந்தால், 5 மணிக் குழியில் உலர் தீனியைப் போட்டுவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போவேன். காலையில் மிச்சம் கிடந்தால் குப்பைக்கு. மறுபடி ஃப்ரீசருக்குப் போகக்கூடாது.

டின்னைத் திறக்காமல் அப்படியே ஃப்ரீசரில் வைக்கலாமா?

கூடாது. தண்ணீர் உறைந்தால் கிட்டத்தட்ட 9 சதவீதம் பருக்கும். டின்னின் ஓரத் தையல் விட்டுப்போகும். திறந்த அன்றைக்கே ஒரு வேளை அளவாகப் பிரித்து, மூடியுள்ள டப்பாவில் உறைய வையுங்கள். மூன்று நாள் ஐஸ் பெட்டியில், அதாவது ஃப்ரிட்ஜில், கிடந்ததை எடுத்து உறைய வைத்தால் அது புதுசாகிவிடாது. அரைத்த உணவு உறைந்து இளகினாலும் பதம் கெடாது. குழம்பு போல இருப்பது நீர் பிரிந்துவிடும், கலக்கிக் கொடுங்கள்.

இடிமழையில் கரண்ட் போய்விடுகிறது. உறைந்த உணவை வைத்துக்கொள்வதா, கொட்டுவதா?

கதவைத் திறக்காமல் இருந்தால் நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24. நீங்கள் ஊரில் இல்லாதபோது கரண்ட் போனால்? ஒரு குவளைத் தண்ணீரை உறைய வைத்து அதன் மேல் பத்து சென் காசை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது காசு அடியில் உறைந்து கிடந்தால், உள்ளே இருந்ததெல்லாம் இளகி மறுபடி உறைந்திருக்கிறது. யோசிக்காமல் கொட்டுங்கள்.

சில்லென்று கொடுத்தால் என் பூனை திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மைக்ரோவேவில் சூடாக்கலாமா?

அதன் உடம்பே 38 டிகிரிச் சூடு, அம்மா. மணம் வந்தால்தான் வாய் வைக்கும். மைக்ரோவேவ் ஓரிடத்தில் கொதிக்கவிட்டு இன்னோரிடத்தில் ஐஸாக விடும், நாக்கு வெந்துபோகும். முதல் நாள் ராத்திரியே ஐஸ் பெட்டியின் கீழ்த்தட்டில் இளகவிட்டு, கொடுக்கும்போது டப்பாவை வெந்நீர்க் கிண்ணத்தில் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள்.

பாட்டி மிச்சமான நெத்திலி சம்பலைப் பூனைக்கு உறைய வைக்கிறார்.

பாட்டியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். சம்பலில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வேக வைத்தாலும் உறைய வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. உப்பில்லாமல் அவித்த மீன் சதை என்றால், முள் எடுத்துவிட்டுத் தாராளமாக உறைய வைக்கட்டும்.

ஃபீடரில் எறும்பு.

தண்ணீர் ஊற்றிய அகலத் தாம்பாளத்தின் நடுவில் ஒரு செங்கல், அதன் மேல் ஃபீடர். வயர் தரையைத் தொட்டால் எறும்பு அதில் ஏறி வரும், பேட்டரியில் ஓடவிடுங்கள்.