பின்னால் தூக்கிப் போடும் பிக்கப்: வாசகர் கேள்வி – பதில்

பின்பக்கப் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம். வண்டியின் பாரத்தைத் தாங்கும் வளைந்த எஃகுத் தகடுகளின் கட்டு அது; அதில் ஒரு தனித் தகட்டையும் பட்டை என்றே சொல்வார்கள். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களுக்கு ஒரே பதிலாகச் சேர்த்திருக்கிறோம்.

கே: 1.7 டன் பொலிரோ பிக்கப் வைத்திருக்கிறேன். ஒரு நடைக்கு 300 தட்டு முட்டைதான் ஏற்றுகிறேன். வேகத்தடையில் பின்பக்கம் எகிறி, தினமும் முட்டை உடைகிறது. "ஒரு பட்டையை உருவிடலாம், மெத்துன்னு ஆயிடும்" என்கிறார்கள் பட்டறையில். செய்யலாமா? (நாமக்கல் வாசகர்)

வேண்டாம். முதலில் வண்டி ஏன் எகிறுகிறது என்று பார்த்துவிடுவோம்.

தட்டுக்கு 30 வீதம் 9,000 முட்டை. எடை கிட்டத்தட்ட அரை டன். உங்கள் பட்டையோ அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் சுமக்கக் கட்டப்பட்டது. பின்பக்கம் எத்தனை வேகமாகக் குதிக்கும் என்பதைப் பட்டை எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். வெறும் வண்டியில் பின்பட்டைகள் மேல் 450 கிலோ உட்கார்ந்து 36 மி.மீ. அமுங்கினால், நிமிடத்துக்கு சுமார் 158 குதி. அரை டன் ஏற்றினால் 76 மி.மீ. அமுங்கி, 108 குதி. அமுக்கம் 144 மி.மீ. ஆகும் அளவுக்கு ஏற்றினால் 79 குதி. மனித உடம்புக்கும் முட்டைக்கும் இதமானது 60 முதல் 90 வரை. கம்பெனி அந்த இதத்தை முழு லோடுக்கு வைத்திருக்கிறது. நீங்கள் பாதிகூட ஏற்றாமல் ஓட்டுகிறீர்கள்.

இப்போது உருவும் கதை. ஒரே தடிமனுள்ள 5 பட்டையில் ஒன்றை எடுத்தால் கடினம் 20% குறையும். ஆனால் குதிக்கும் வேகம் குறைவது 11% மட்டுமே. அதற்கு விலை, மீதிப் பட்டை ஒவ்வொன்றுக்கும் ஏறும் இழுவிசை 25% கூடுவது. பட்டையின் ஆயுள் அதே விகிதத்தில் குறையாது, அதைவிடப் பல மடங்கு குறையும். முதலில் போவது மெயின் பட்டை (மேலே இருக்கும் நீளமானது), அதிலும் கண்ணுக்கு (முனையில் போல்ட் நுழையச் சுருட்டிய வளையம்) பக்கத்திலோ, பட்டைகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் ஓட்டையிலோ. இரண்டாம் பட்டையைத் தொடவே கூடாது. மெயின் பட்டையின் கண் ஒடிந்தால் ஆக்சிலை (இரண்டு பின்சக்கரங்களையும் தாங்கும் தண்டு) பிடித்து நிறுத்துவது அந்த இரண்டாம் பட்டைதான்.

சிலர் அடியிலிருக்கும் தடித்த ஹெல்ப்பர் பட்டையைக் கழற்றுவார்கள். அது லோடு ஏறினால்தான் சேர்ந்து தாங்கும், வெறும் வண்டியில் மேல் பட்டைகளைத் தொடுவதே இல்லை. தொடாத பட்டையைக் கழற்றி எப்படி மென்மை வரும்? சமதரையில் வெறும் வண்டியை நிறுத்தி, ஹெல்ப்பர் முனைக்கும் மேல் பட்டைக்கும் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். இடைவெளி இல்லையென்றால் மேல் பட்டைகள் தொய்ந்துவிட்டன. எப்போதும் ஹெல்ப்பர் மீதே ஓடுகிறீர்கள். கட்டையாக அடிப்பதற்கு அதுவே காரணம்.

உங்களுக்குச் செலவில்லாத இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, டயர் காற்று. கதவோர ஸ்டிக்கரில் வெறும் வண்டிக்கு ஒரு அளவும் முழு லோடுக்கு ஒரு அளவும் தனித்தனியாகப் போட்டிருந்தால், அரை லோடுக்கு இரண்டுக்கும் நடுவில் வையுங்கள். வருஷம் முழுக்க முழு லோடு காற்றில் ஓட்டுபவர்கள்தான் அதிகம். இரண்டு, முட்டையைக் கேபினை ஒட்டி அடுக்கி, பின் கதவுப் பக்கம் காலியாக விடுங்கள். ஆக்சிலுக்குப் பின்னால் போகப்போக எகிறல் கூடும். உடையும் தட்டுகள் எந்த வரிசையிலிருந்து வருகின்றன என்று ஒரு வாரம் கவனித்தால் தெரிந்துவிடும்.

கே: இசுசு வி-கிராஸ் டபுள் கேபின். குடும்பத்தோடு போகத்தான் வண்டி, லோடு கிடையாது. மென்மையான பட்டை செட் மாற்ற நினைக்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது? மாற்றும் முறையையும் விவரமாகச் சொல்லவும். (கோவை வாசகர்)

லோடே ஏற்றாதவருக்கு செட் மாற்றுவது நியாயமான வழி. முதலில் வாங்குவது பற்றி.

பட்டையின் கடினம் தடிமனின் மும்மடிக்கு நேராகவும் நீளத்தின் மும்மடிக்குத் தலைகீழாகவும் போகும். 2015-இல் வந்த டொயோட்டா ஹைலக்ஸில் பின்பட்டையை 100 மி.மீ. நீட்டினார்கள் என்றால் அதன் பொருள் இதுதான். ஆனால் நமக்கு அந்த வழி இல்லை. சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டம்) பட்டை மாட்டும் பிராக்கெட் இருக்கும் இடம் மாறாது, ஆகவே கண்ணுக்குக் கண் நீளம் பழையதே. மிஞ்சியது தடிமன். 8 மி.மீ. பட்டை 5-க்குப் பதில் 7 மி.மீ. பட்டை 6 வைத்தால் கடினம் அதே 20% குறைகிறது. ஆனால் இழுவிசை கூடுவது 9% மட்டுமே. மேலே உருவுவதில் 25% என்று பார்த்தோமே, நல்ல செட்டுக்கும் பட்டறை உருவலுக்கும் உள்ள வித்தியாசம் அங்கே இருக்கிறது. கடையில் "எத்தனை பட்டை" என்று கேட்காதீர்கள். தடிமன் எத்தனை மி.மீ., எவ்வளவு நிரந்தர எடைக்குச் செய்தது என்று கேளுங்கள். நிரந்தர எடையில் பின்னால் போட்டிருக்கும் கூடு, ஸ்டெப்னி ஸ்டாண்டு, இரும்பு பம்பர் எல்லாம் சேரும். அவற்றை எடை போட்டுச் சொல்லுங்கள்.

புதிய பட்டை கழற்றிய நிலையில் பழையதைவிடக் கூடுதலாக வளைந்திருந்தால் பயப்பட வேண்டாம். மென்மையான பட்டை அதிகம் அமுங்கும் என்பதால், அதே உயரத்தில் வண்டி நிற்க அந்த வளைவு தேவை.

அத்தோடு வாங்க வேண்டியவை: யூ போல்ட் (பட்டையை ஆக்சிலோடு இறுக்குவது) 4, அதன் நட் 8, கண் புஷ் (கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் உறை), ஷேக்கிள் (பட்டையின் பின் கண்ணைச் சேஸிஸோடு இணைக்கும் ஆடும் துண்டு) புஷ் முழு செட், சென்டர் போல்ட் 2 (புதுச் செட்டில் வராவிட்டால்). பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடவே கூடாது. ஒருமுறை முறுக்கியதில் அது நீண்டுவிட்டது, மறுபடி அதே பிடிப்பு வராது.

முதல் நாள் இரவே எல்லா நட்டுக்கும் துருப்பிடிப்பு நீக்கும் ஸ்பிரே அடித்து விடுங்கள். சமதரையில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு ஓரம் வரை இரண்டு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். முன்சக்கரத்துக்கு இரு பக்கமும் கட்டை கொடுத்து, பின்சக்கர நட்டைத் தரையிலேயே தளர்த்திவிட்டு, சேஸிஸைத் தூக்கி பட்டையின் முன் பிராக்கெட்டுக்குச் சற்று முன்னால் ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். ஆக்சிலுக்கு அடியில் தனி டிராலி ஜாக் இருக்கட்டும்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். இரண்டு பக்கமும் யூ போல்ட் கழன்றால் ஆக்சில் உருண்டுவிடும், அதைத் திரும்ப உட்காரவைக்க அரை நாள் போகும். ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி, பிரேக் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள், ஏபிஎஸ் ஒயர் எதுவும் இழுபடாதபடி விடுவியுங்கள். யூ போல்ட் துருவில் சிக்கினால் போராட வேண்டாம், அறுத்துவிடலாம். எப்படியும் தூக்கிப் போடப் போகிறது. பிறகு ஆக்சிலைச் சற்று இறக்கினால் பட்டை சுமையின்றி நிற்கும். ஷேக்கிள் போல்ட்டையும் முன் கண் போல்ட்டையும் உருவுங்கள். முன் கண் போல்ட் டீசல் டேங்கில் இடித்து வெளியே வராத வண்டிகள் உண்டு. அதில் டேங்கின் பிடியைத் தளர்த்தி நகர்த்த வேண்டும்.

புதியதை மாட்டுமுன், சென்டர் போல்ட்டிலிருந்து இரு கண்ணுக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். பல பிக்கப்களில் முன்பாதியும் பின்பாதியும் சமமாக இருக்காது. திருப்பி மாட்டினால் சக்கரம் மட்கார்டின் நடுவில் நிற்காது. முன் கண், பிறகு ஷேக்கிள் என்ற வரிசையில் போல்ட்டுகளைக் கையால் மட்டும் முடுக்குங்கள். ஆக்சிலை ஏற்றும்போது சென்டர் போல்ட்டின் தலை ஆக்சில் மேடையின் ஓட்டையில் சரியாக உட்கார வேண்டும். ஓரத்தில் ஏறி நின்றபடி யூ போல்ட்டை முறுக்கினால் தலை நசுங்கி, வண்டி நண்டு போல் ஒருக்களித்து ஓடும். யூ போல்ட் நட்டு நான்கையும் குறுக்கு மறுக்காக, மூன்று நான்கு சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். கீழே நீட்டிக்கொண்டிருக்கும் மரை நான்கு காலிலும் ஒரே அளவாக இருக்கட்டும். கடைசி முறுக்கு அளவு உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். டார்க் ரெஞ்ச் (முறுக்கு அளவைக் காட்டும் ஸ்பேனர்) இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

இரண்டு பக்கமும் முடிந்ததும் சக்கரம் மாட்டி வண்டியைத் தரையில் இறக்கி, பின்பக்கத்தை நான்கைந்து முறை அமுக்கி ஆட்டுங்கள். அதற்குப் பிறகுதான் கண் போல்ட்டுக்கும் ஷேக்கிளுக்கும் கடைசி முறுக்கு. 100 கி.மீ. ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி முறுக்கிப் பாருங்கள், 500-இல் இன்னொரு முறை. பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து உட்காரும்போது பிடிப்பு தளரும். சென்டர் போல்ட் ஒடிவது பெரும்பாலும் இதைச் செய்யாத வண்டிகளில்தான்.

கே: புது செட் போட்டு இரண்டு மாதம் ஆகிறது. முன்பைவிட மோசமாக அடிக்கிறது. கடைக்காரர் "ஓட ஓடச் சரியாகும்" என்கிறார். (தேனி வாசகர்)

ஓட ஓட உயரம் கொஞ்சம் குறையும். நீங்கள் சொல்லும் அளவுக்கு மாறாது. இரண்டு இடத்தைப் பாருங்கள்.

வண்டி தரையில் நிற்கும்போது ஷேக்கிள் எப்படி நிற்கிறது? பட்டை அமுங்கும்போது அது நீளும். அந்த நீளத்துக்கு வழிவிடவே ஷேக்கிள் இருக்கிறது. பட்டைக் கண் இருக்கும் கீழ் முனை பின்னோக்கிச் சாய்ந்திருந்தால் சுலபமாக ஆடும். வளைவு அதிகமான பட்டை கீழ் முனையை முன்னால் இழுத்துவிட்டால், சக்கரம் பள்ளத்திலிருந்து மேலே வரும்போது பட்டை முதலில் சேஸிஸையே தூக்குகிறது. வளைவு குறைந்த செட்டோ சரியான நீள ஷேக்கிளோ போடுவதுதான் தீர்வு.

இன்னொன்று, கண் புஷ் எந்த நிலையில் முறுக்கப்பட்டது என்பது. ரப்பர் புஷ் சுழலாது, முறுகும். வண்டி ஸ்டாண்டில் தொங்கும்போது முறுக்கிவிட்டால், தரையில் இறங்கியதுமே ரப்பர் முறுகிய நிலையில்தான் இருக்கும். அது தனி ஸ்பிரிங் போலப் பட்டையோடு மல்லுக்கட்டும், சில மாதத்தில் கிழியும். சரிசெய்ய அரை மணி நேரம் போதும். தரையில் நிறுத்தி எல்லாக் கண் போல்ட்டையும் தளர்த்தி, வண்டியை ஆட்டிவிட்டு மறுபடி முறுக்குங்கள். கடைக்காரரிடம் சண்டைக்குப் போகுமுன் இதைச் செய்து பாருங்கள்.

கே: பட்டைக்குக் கிரீஸ் வைக்கலாமா? பழைய இன்ஜின் ஆயில் ஊற்றினால் சத்தமும் அடியும் குறையும் என்கிறார்களே? (ஒட்டன்சத்திரம் வாசகர்)

ஒரு வாரம் குறையும். பிறகு மண் ஒட்டி அரத்தூள் மாதிரி ஆகி பட்டையைத் தேய்க்கும். வழிந்த ஆயில் ரப்பர் புஷ்ஷை ஊறவைத்து உப்பச் செய்யும்.

ஆனால் உங்கள் கேள்விக்குள் ஓர் உண்மை இருக்கிறது. பத்து வருஷ வண்டியில் பட்டைகளுக்கிடையே துருப்பிடித்து, சின்ன மேடு பள்ளத்தில் அவை நகரவே நகராது. மொத்தக் கட்டும் ஒரே இரும்புத் துண்டாக நடந்துகொள்ளும். புது செட்டுக்குப் பணம் எடுத்து வைப்பதற்கு முன், பட்டைக் கட்டைப் பிரித்து, கம்பி பிரஷ் போட்டு, உரசும் பரப்பில் கிராஃபைட் பேஸ்ட் மெல்லியதாகத் தடவி, முனைகளில் பிளாஸ்டிக் பேட் மாற்றிப் பாருங்கள். பேட் வைத்தே வந்த கட்டு என்றால் அங்கே பேஸ்ட் தேவையில்லை. சென்டர் போல்ட்டை அவிழ்க்குமுன் பட்டைக் கட்டை இரண்டு சி கிளாம்ப்பால் பிடித்துக்கொள்வது கட்டாயம், இல்லாவிட்டால் பட்டை விசிறி அடிக்கும். பிரித்த பட்டையின் மேல்பரப்பை நன்றாகப் பாருங்கள். இழுவிசை விழுவது அந்தப் பக்கம்தான். துருக்குழியோ குறுக்குக் கீறலோ தெரிந்தால் அந்தப் பட்டை கழிவு.

உராய்வு போனபின் ஷாக் அப்சார்பருக்கு வேலை கூடும். ஓடித் தேய்ந்ததாக இருந்தால் வண்டி படகு மாதிரி ஆடும். மாற்றினால் ஜோடியாக மாற்றுங்கள்.

கே: தொய்ந்த பட்டையைச் சூடுகாட்டி வளைத்துத் தருகிறார்கள். வாங்கலாமா? (விருதுநகர் வாசகர்)

கேஸ் டார்ச்சில் சூடுகாட்டியது என்றால் வேண்டாம். உலையில் ஏற்றிய பதம் அந்த இடத்தில் இறங்கிவிடும், சில வாரத்தில் அங்கேயே மறுபடி தொய்யும். குளிர்ந்த நிலையில் பிரஸ்ஸில் வளைத்தால் கொஞ்ச காலம் நிற்கும். ஒடிந்த பட்டைக்கு வெல்டிங் வைத்தவரிடம் வண்டியையே விடாதீர்கள்.

கே: பட்டையில் கைவைத்தால் ஆர்.டி.ஓ. பிரச்சினை வருமா? (சேலம் வாசகர்)

அதே அளவில், அதே வகையில் மாற்றுவது பழுதுபார்ப்பு. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத்தான் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. உயரத்தைத் தூக்குவதும், கூடுதல் பட்டை திணித்து லோடு கூட்டுவதும் சிக்கலான இடங்கள். பட்டை கூட்டினால் ஆர்.சி.யில் உள்ள எடை கூடிவிடாது. அதிக பாரத்துக்கு 194-ஆம் பிரிவில் 20,000 ரூபாயும், கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம்.

கே: மென்மையான பட்டை போட்டபின் ஓட்டம் அருமை. ஆனால் வெறும் வண்டியில் பிரேக் அடித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு இழுக்கிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா? (தஞ்சாவூர் வாசகர்)

உண்டு. ஆக்சிலுக்கு மேலே, சேஸிஸிலிருந்து ஒரு கம்பியோ சின்ன ஸ்பிரிங்கோ வந்து ஆக்சிலில் மாட்டியிருக்கிறதா பாருங்கள். லோடு அறிந்து பின்பிரேக்குக்கு அழுத்தம் விடும் வால்வு அது. சேஸிஸ் ஆக்சிலுக்கு நெருங்கினால் "லோடு ஏறியிருக்கிறது" என்று எடுத்துக்கொண்டு அழுத்தத்தைக் கூட்டும். உங்கள் புதுப் பட்டை வண்டியைத் தாழ்த்தியிருக்கிறது, ஆகவே வால்வு ஏமாந்துவிட்டது. வளைவு கூடிய பட்டை போட்டவர்களுக்கு இதற்கு நேர்மாறு நடக்கும்: முழு லோடிலும் பின்பிரேக் சோம்பும். முன்பு அளந்த உயரத்தோடு இப்போதைய உயரத்தை ஒப்பிட்டு, கையேட்டில் சொன்ன முறைப்படி அந்தக் கம்பியின் நீளத்தைச் சரிசெய்ய வேண்டும். பிரஷர் கேஜ் வைத்திருக்கும் பட்டறையில் செய்துகொள்ளுங்கள். அதுவரை மழை ரோட்டில் வெறும் வண்டியை எடுக்காதீர்கள்.