தினமும் பாட்டுக் கேட்பதற்கு வயர் ஹெட்ஃபோன் நல்லதா, வயர்லெஸ் நல்லதா?

“அலுவலகம் போக வர ரயிலில் தினமும் இரண்டு மணி நேரம் பாட்டுக் கேட்கிறேன், எதை வாங்கலாம்” என்று கேட்டிருக்கிறீர்கள். ஊரையும் பட்ஜெட்டையும் சொல்லவில்லை. ரயில் என்று பார்த்ததுமே உங்களைச் சென்னையின் தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலில் வைத்துத்தான் என் மனம் யோசிக்கத் தொடங்கியது. பன்னிரண்டு ஆண்டுகளாகக் குரோம்பேட்டையில் ஏறிப் பூங்கா நிலையத்தில் இறங்குகிறவன் நான். வேலையில் சேர்ந்து சில ஆண்டுகள் ஆனவர், கையில் இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறீர்கள், அந்தப் பணம் வீணாகிவிடக் கூடாது என்று நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தவறாக இருந்தால் மன்னிக்கவும்.

என் பதில், வயர் உள்ளதை வாங்குங்கள் என்பதுதான். ஆனால் வயர் ஹெட்ஃபோன்காரர்கள் வழக்கமாக முன்வைக்கும் “ஒலித்தரம்” என்ற காரணத்தை நான் சொல்லப்போவதில்லை. இப்படிச் சொல்வதால் என் பக்கத்து ஆட்களே கோபித்துக்கொள்ளக்கூடும் என்று தெரியும். சென்ற பொங்கல் விடுமுறையில் என் அக்கா மகன் வயர், ப்ளூடூத் இரண்டிலும் இயங்கும் தன் ஹெட்ஃபோனைக் கொண்டுவந்திருந்தான். என் கண்ணைக் கட்டி, ஒரே வீணைக் கச்சேரிப் பதிவைப் பத்து முறை மாற்றி மாற்றிப் போட்டான். ஆறு முறை சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டிப் போட்டுச் சொல்லியிருந்தாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் வந்திருக்கும். குறுந்தகட்டில் ஒரு விநாடி இசைக்கு 1,411 கிலோபிட் செலவாகிறது என்பதும், எல்லா ப்ளூடூத் ஹெட்ஃபோனிலும் கட்டாயம் இருக்கிற எஸ்பிசி என்னும் ஒலிச்சுருக்க முறையில் அது வழக்கமாக 328 கிலோபிட்டாகச் சுருங்குகிறது என்பதும், சோனியின் எல்டாக் போன்ற முறை அதை 990 வரை கொண்டுபோகும் என்பதும் உண்மைதான். ஆனால் நாம் யூடியூபிலும் பாட்டுச் செயலிகளிலும் கேட்கும் பாட்டு பெரும்பாலும் ஏற்கெனவே சுருக்கப்பட்டுத்தான் நம் போனுக்கு வந்து சேர்கிறது. அதை ரயில் இரைச்சலுக்கு நடுவில் கேட்டுவிட்டு, வயரில் வந்தது, காற்றில் வந்தது என்று பிரித்துச் சொல்ல என் காதுக்கு முடியவில்லை. உங்கள் காதுக்கு முடியும் என்றால் நான் மறுக்கவில்லை.

பிறகு ஏன் வயர்? 2012-இல் ரிச்சி தெருவில் 1,800 ரூபாய்க்கு வாங்கிய ஹெட்ஃபோனில்தான் இன்றைக்கும் நான் பாட்டுக் கேட்கிறேன் என்பதுதான் காரணம்.

வாங்கிய மூன்றாம் ஆண்டில் ஒரு நாள், ரயில் பழவந்தாங்கலைத் தாண்டும்போது, பாடிக்கொண்டிருந்தவரின் குரல் திடீரென்று மறைந்துவிட்டது. வயலின்கள் கேட்கின்றன, இரண்டு ஓரங்களிலும் வாத்தியங்கள் ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் கேட்கின்றன, நடுவில் இருக்க வேண்டிய பாடகர் மட்டும் இல்லை. பாட்டை மாற்றிப் பார்த்தேன், போனை அணைத்துப் போட்டுப் பார்த்தேன், அப்படியேதான் இருந்தது. என் தாய்மாமா மன்னார்குடியில் முப்பது ஆண்டுகள் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர். மாலையில் போன் செய்து விவரத்தைச் சொன்னேன். “குரல் மட்டும் காணோமா? அப்ப எர்த் விட்டிருக்கு. பின்னைப் பிரிச்சுப் பாருடா” என்றார். ஹெட்ஃபோன் வயரில் இடது காதுக்கு ஒரு கம்பி, வலது காதுக்கு ஒரு கம்பி, இரண்டுக்கும் பொதுவாகத் திரும்பிப் போக ஒரு கம்பி உண்டு; மாமா ‘எர்த்’ என்றது இதைத்தான். அந்தப் பொதுக் கம்பி அறுந்தால் இடமும் வலமும் ஒன்றோடொன்று தொடராகி, இரண்டிலும் சமமாக இருக்கிற ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பாடகரின் குரலைப் பெரும்பாலும் இரண்டு பக்கமும் சமமாகத்தான் பதிவு செய்கிறார்கள். ஆகவே முதலில் காணாமல் போவது குரல். இதைப் பார்க்காமலேயே, ஒரு போன் அழைப்பில், மாமா கண்டுபிடித்துச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் சொல்லச் சொல்ல நானே பின்னை, அதாவது போனில் செருகும் முனையை, மாற்றினேன். வயரின் மேலுறையை உரித்தால் உள்ளே தலைமுடியைவிட மெல்லிய செம்பு இழைகள் மூன்று கற்றைகளாக இருக்கும்: ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை, ஒன்று செம்பின் நிறத்திலேயே. அந்தச் சிவப்பும் பச்சையும் வெறும் சாயம் அல்ல, இழைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளாமல் இருப்பதற்காகப் பூசிய வார்னிஷ் போன்ற உறை. அதை எரித்து எடுக்காமல் எத்தனை முறை வைத்தாலும் ஈயம் பிடிக்காது. வீட்டில் முயன்று தோற்றவர்கள் பெரும்பாலும் தோற்றது இந்த இடத்தில்தான். சால்டரிங் அயர்ன் முனையில் ஒரு துளி ஈயத்தை உருக்கி, அந்தத் துளிக்குள் கற்றையின் நுனியை நாலைந்து விநாடி பிடித்தால், மெல்லிய புகை எழுந்து, நிறம் போய், நுனி வெள்ளி போல் மின்னும். அதன் பிறகு பச்சையைப் பின்னின் நுனிப் பகுதிக்கும், சிவப்பை நடு வளையத்துக்கும், செம்பு நிறத்தை அடிப்பகுதிக்கும் ஒட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பாகப் பின்னின் மூடியை வயரில் கோத்துக்கொள்ள வேண்டும். மறந்தால் ஒட்டியதை மறுபடி பிரிக்க வேண்டிவரும். பின் விலை அன்றைக்கு முப்பது ரூபாய். குரல் திரும்பி வந்தது. அந்த நிமிடத்தில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைப் பத்தாயிரம் ரூபாய்ப் பொருள் எதுவும் எனக்குத் தந்ததில்லை.

இதுவரை பின்னை மூன்று முறையும் காது மெத்தையை இரண்டு முறையும் மாற்றியிருக்கிறேன். மெத்தையின் மேல்தோல் வியர்வையில் உரிந்து, கறுப்புத் துகள்களாகச் சட்டைக் காலரில் ஒட்டும். அது வந்துவிட்டால் மெத்தைக்கு வயதாகிவிட்டது என்று பொருள். என்னுடையது மட்டுமே இப்படி உழைக்கிறது என்று நினைக்க வேண்டாம். காஸ் நிறுவனத்தின் போர்ட்டா ப்ரோ 1984-இல் வந்தது. சென்ஹைசரின் எச்டி 25, 1988-இல் வந்தது. ஒலிப்பதிவுக் கூடங்களில் நீங்கள் பார்க்கும் சோனி எம்டிஆர் 7506, 1991-இல் வந்தது. மூன்றும் இன்றும் விற்பனையில் இருக்கின்றன, மெத்தை போன்ற உதிரிப் பாகங்களும் கிடைக்கின்றன. வயர் ஹெட்ஃபோனுக்குள் இருப்பவை ஒரு காந்தம், ஒரு செம்புச் சுருள், ஒரு மெல்லிய சவ்வு. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு வாங்கியதை இன்று வந்த கருவியில் துளை இருந்தால் செருகினாலும் பாடும்.

வயர்லெஸ் ஹெட்ஃபோனுக்குள் ஒரு லித்தியம் பேட்டரியும் இருக்கிறது. வீட்டிலிருந்தே வேலை பார்த்த 2021-இல் நானும் ஒன்று வாங்கினேன், பதினோராயிரம் ரூபாய். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லாத இரண்டு ஆண்டுகள் கழிந்தன என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்த வகைப் பேட்டரி முழுமையாகச் சார்ஜ் ஏறி இறங்குவது முந்நூறு முதல் ஐந்நூறு முறை ஆனதும் அதன் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுவது இயல்பு. வெயிலில் வைத்தால், எப்போதும் சார்ஜிலேயே விட்டால், இன்னும் சீக்கிரம். என்னுடையது முப்பது மணி நேரம் ஓடியது போய், மூன்றாம் ஆண்டில் சைதாப்பேட்டை வருவதற்குள் அணையத் தொடங்கியது.

சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. இது ஒரு நிறுவனத்தின் குற்றம் மட்டும் அல்ல. கவுன்டரில் இருந்த இளைஞர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “இதற்குப் பேட்டரி தனியாக வராது சார், வாரண்டியும் முடிந்துவிட்டது. இதைக் கொடுத்துவிட்டுப் புதியது எடுத்தால் இருபது சதவீதம் தள்ளுபடி உண்டு” என்றார். ஒலிபெருக்கி நன்றாக இருக்கிறது, மைக் நன்றாக இருக்கிறது, மெத்தையில் ஒரு கீறல் இல்லை. நூறு, இருநூறு ரூபாய் பெறக்கூடிய பேட்டரி ஒன்று போனதற்காகப் பதினோராயிரம் ரூபாய்ப் பொருளைக் குப்பை என்று சொல்கிறார்கள். வீட்டில் நானே திறந்தேன். பேட்டரியைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். அது அதற்குள் லேசாக உப்பியும் இருந்தது. உப்பிய லித்தியம் பேட்டரியை நெம்பினால் தீப்பிடிக்கக்கூடும். நெம்பாமல் மூடி, மின்கழிவு எடுப்பவர்களிடம் ஒப்படைத்தேன். அதில் 3.5 மில்லிமீட்டர் துளையும் இல்லாததால், வயர் செருகியாவது பயன்படுத்த வழியில்லாமல் போயிற்று. நீங்கள் வயர்லெஸ்தான் வாங்குவீர்கள் என்றாலும், அந்தத் துளை இருக்கிறதா, பேட்டரி செத்த பிறகும் அதன் வழியே பாடுமா என்று கேட்டு வாங்குங்கள். துளை இருந்தும் சார்ஜ் இல்லாவிட்டால் பாடாதவையும் இருக்கின்றன.

வயர் ஹெட்ஃபோன் வைத்திருப்பவன் கஞ்சன், காலத்தோடு ஒட்டாதவன் என்று இதே கேள்விக்கு இங்கே ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். பதினோராயிரமும் செலவழித்துப் பார்த்துவிட்டுத்தான் திரும்பி வந்தேன் என்பதை அவர் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது என் வீட்டில் ஒரு குழந்தையை அழ வைத்தது. என் மகள் டேப்லெட்டில் கீபோர்டு செயலியில் கர்நாடக இசையின் தொடக்கப் பயிற்சியான சரளி வரிசை பழகிக்கொண்டிருந்தாள். இரவில் பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று அதே வயர்லெஸ் ஹெட்ஃபோனைக் கொடுத்தேன். முதற்காலம் ஒருவாறு போயிற்று. மூன்றாம் காலத்துக்கு, அதாவது நான்கு மடங்கு வேகத்துக்கு, வந்ததும் விரல் தடுமாறியது, மறுபடி மறுபடி வாசித்தாள், கடைசியில் தனக்குத் தாளமே வரவில்லை என்று அழுதுவிட்டாள். பிழை அவளிடம் இல்லை. ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி, அனுப்பி, விரிப்பதற்குள் சாதாரணமாக 150 முதல் 250 மில்லி விநாடி கடந்துவிடும். நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்து ஒரு தட்டுக்கு நான்கு சுரம் வாசித்தால், ஒரு சுரத்துக்குக் கிடைப்பதே 250 மில்லி விநாடிதான். அவள் அடுத்த சுரத்தை அழுத்தப்போகும்போதுதான் முந்தைய சுரம் காதில் விழுந்திருக்கிறது. என் பழைய ஹெட்ஃபோனைச் செருகிக் கொடுத்தேன், பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. வெறுமனே பாட்டுக் கேட்கிறவருக்கு இந்தத் தாமதம் ஒரு பொருட்டே அல்ல என்று நீங்கள் சொன்னால் சரிதான். ஆனால் இசையின் மேல் ஆசை இருக்கிறவர்கள் வெறுமனே கேட்பதோடு நின்றுவிடுவதில்லை.

ரயில் விஷயத்துக்கு வருகிறேன். இரைச்சல் நீக்கும் வசதி உள்ள வயர்லெஸ் வாங்குங்கள் என்று பலர் சொல்வார்கள். சக்கரத்தின் தொடர்ச்சியான உறுமலை அது நன்றாகவே குறைக்கும், மறுக்கவில்லை; ஆனால் உங்கள் விலையில் கிடைப்பதில் பெட்டிக்குள் நடக்கும் பேச்சும் சுண்டல் விற்பவரின் குரலும் பெரிதாகக் குறையாது. காதுக்குள் செருகும் வயர் இயர்ஃபோனில், சரியான அளவுள்ள சிலிக்கோன் குமிழைப் போட்டுக் காதை அடைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். பெட்டியோடு மூன்று அளவுகளில் குமிழ்கள் வரும்; வந்ததை அப்படியே போட்டுக்கொள்ளாமல் மூன்றையும் போட்டுப் பாருங்கள். வலது காதுக்கு ஓர் அளவும் இடது காதுக்கு ஓர் அளவும் தேவைப்படலாம், எனக்கு அப்படித்தான். குமிழ் சரியாக உட்காராவிட்டால் மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடப்பக்கத்தின் தாழ்ந்த ஒலி, காணாமல் போகும், நாம் அதை ஈடுகட்ட ஒலியளவைக் கூட்டிக்கொண்டே போவோம். உலக சுகாதார நிறுவனம் 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது. 90 டெசிபல் ஆனால் அது வெறும் 4 மணி நேரம். தினமும் இரண்டு மணி நேரம் கேட்கிற உங்களுக்கு, வயரா வயர்லெஸ்ஸா என்பதைவிட இந்தக் குமிழ் முக்கியம். வயர் சட்டைப் பொத்தானில் உரசும் கரகர சத்தம் காதில் கேட்டால், வயரைக் காதுக்குப் பின்னால் சுற்றி மேலிருந்து இறக்குங்கள், நின்றுவிடும்.

சமையல் செய்துகொண்டே கேட்பவர்களுக்கும், ஓடுகிறவர்களுக்கும் வயர் தொல்லைதான். என் மனைவி கழுத்தில் போடும் ப்ளூடூத் நெக்பேண்ட்தான் வைத்திருக்கிறார், அதை மாற்றச் சொல்லி நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

உங்கள் போனில் துளை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆப்பிள் 2016-இல் ஐபோன் 7-இல் அதை எடுத்தது, பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக எடுத்தார்கள். துளை இல்லாவிட்டால் போனுக்கு ஏற்ற இணைப்பி ஒன்று, பெரும்பாலும் டைப்-சி, வாங்க வேண்டும். அதில் இரண்டு வகை உண்டு. வெறும் கம்பி மட்டும் உள்ள வகை, சில போன்களில்தான் வேலை செய்யும். போனின் டிஜிட்டல் ஒலியை ஹெட்ஃபோனுக்கு ஏற்றபடி மாற்றும் டிஏசி எனப்படும் சிப் உள்ளேயே இருக்கும் வகைதான் பெரும்பாலான போன்களுக்குப் பொருந்தும். கடையில் “டிஏசி உள்ளதா” என்று கேட்டு, உங்கள் போனிலேயே செருகிப் பாடவைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். இயர்ஃபோனையும், வயரைத் தனியாகக் கழற்றி மாட்டும்படி இருப்பதாகப் பார்த்து எடுங்கள்; உங்கள் விலைக்குள்ளேயே கிடைக்கும், வயர் அறுந்தால் ஈயம் வைக்காமலேயே புதியதை மாட்டிக்கொள்ளலாம். போனின் மாடலைச் சொன்னீர்கள் என்றால், எந்த இணைப்பி பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.