ஒன்டாலஜி மேட்சிங் உத்திகளை எப்படி வகை பிரிப்பது?

பெங்களூரு மாநகராட்சித் தரவின் ஒன்டாலஜியையும் (ஒரு துறையின் கருத்துகளை வகுப்புகளாகவும் அவற்றின் உறவுகளாகவும் எழுதிய அமைப்பு) மருத்துவமனைத் தரவின் ஒன்டாலஜியையும், எதில் உள்ள எந்தக் கருத்து மற்றதில் எதோடு சேரும் என்று பொருத்த வேண்டும், உத்திகளோ ஏராளம், எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

டூலை வகைப்படுத்தப் போகாதீர்கள். லாக்மேப் போன்ற ஒரே டூலுக்குள் பல உத்திகள் ஓடுகின்றன. ஒவ்வோர் உத்தியாக எடுத்து, ‘இது எதைப் படித்துவிட்டு முடிவு சொல்கிறது?’ என்று கேளுங்கள். ஷ்வைகோ, யூசெனா என்ற ஆய்வாளர்கள் 2005இல் தந்த வகைப்பாடும் இப்படித்தான் போகிறது: ஒரு கருத்தைத் தனியாகப் பார்க்கிறதா, அக்கம்பக்கத்தோடா? வடிவத்தை மட்டும் பார்க்கிறதா, வெளி ஆதாரத்தைத் தேடுகிறதா, தர்க்கத்தால் அனுமானிக்கிறதா?

பெயரைப் படிக்கும் உத்திதான் எல்லோரும் முதலில் ஓட்டுவது. அதிகம் சறுக்குவதும் அதுவே. பெங்களூரில் அல்சூர் (Ulsoor), ஹலசூரு (Halasuru) இரண்டும் ஒரே இடம். ஆங்கில எழுத்தில் ஆறுக்கு எட்டு எழுத்து, லெவன்ஷ்டைன் தூரம் (ஒன்றை மற்றதாக்க எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்ற எண்ணிக்கை) 6; ஆக ஒற்றுமை 1 - 6/8 = 0.25. வாசல் மதிப்பை (இதற்குக் கீழே இருந்தால் பொருத்தமில்லை என்ற எல்லை) 0.8 என்று வைத்தால் இந்த ஜோடி காணாமல் போகும். ‘வார்டு’ நேர்மாறு: மாநகராட்சி வார்டுக்கும் மருத்துவமனை வார்டுக்கும் மதிப்பெண் முழுசாக 1! முதல் சிக்கலுக்கு விக்கிடேட்டா, ஜியோநேம்ஸ் போன்ற வெளி ஆதாரத்தில் உள்ள மாற்றுப் பெயர்கள் உதவும். இரண்டாவதை அமைப்பைப் படிக்கும் உத்தி பிடித்துவிடும்: ஒன்றின் மேல்வகுப்பு நிர்வாகப் பகுதி, மற்றதற்குக் கட்டடப் பகுதி.

பதிவுகளைப் படிக்கும் உத்தியில் ஜக்கார்டை (இரண்டுக்கும் பொதுவான பதிவுகளை, இரண்டிலும் சேர்த்து உள்ள மொத்தப் பதிவுகளால் வகுக்கும் அளவை) கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். ஒரு வகுப்பின் 40 பதிவுகளும் மற்றதன் 400க்குள் அடங்கியிருந்தாலும் மதிப்பு 40/400 = 0.1தான். அது பொருந்தாமை இல்லை, உட்பிரிவு உறவு. சமம் மட்டும் தேடும் நிரல் அதைத் தூக்கி எறிந்துவிடும்.

எம்பெடிங் (சொற்களைப் பொருளுக்கேற்ப எண்வரிசைகளாக மாற்றி ஒப்பிடும் முறை) எங்கே சேரும் என்பதில் வாதம் உண்டு. லேபிளை, அதாவது பெயரைத்தான் படிக்கிறது என்றாலும் அதன் அறிவு வேறெங்கோ இருந்த உரையிலிருந்து வந்தது. நான் வெளி ஆதாரத்தில்தான் சேர்ப்பேன்.

தர்க்க உத்தியை முதலில் ஓட்டிப் பயனில்லை. கையில் சில பொருத்தங்கள் இருந்தால்தான் ரீசனர் (தர்க்க விதிகளால் முடிவு காணும் நிரல்) அவற்றிலிருந்து அனுமானிக்கும். நிர்வாகப் பகுதியும் கட்டடப் பகுதியும் ஒன்றையொன்று விலக்குபவை என்று அறிவித்துவிட்டு, இரண்டு வார்டையும் சமம் என்று கொடுத்துப் பாருங்கள்: வார்டு வகுப்பில் எந்தப் பதிவும் இருக்க முடியாது என்று ரீசனர் உடனே காட்டிக்கொடுக்கும். அந்த அறிவிப்பு இல்லாவிட்டால் அது வாயே திறக்காது.